ஸ்டார்டியூ வேலியில் பசுமைக்குடில்: திறப்பது முதல் முழுப் பாத்தியும் பழுப்பது வரை முழுமையான வழிகாட்டி

தாமிரபரணிப் பாசனத்தில் கார் என்றும் பிசானம் என்றும் இரண்டு போகம் உண்டு. ஆனியில் அணை திறந்தால் கார், ஐப்பசி மழையை நம்பிப் பிசானம். தண்ணீர்தான் நம் பயிரை நிறுத்துமே தவிர, குளிர் நிறுத்தி நாம் பார்த்ததில்லை. அதனால் ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டை முதல்முறை விளையாடும் திருநெல்வேலிக்காரர்கள் பலரும் குளிர்காலத்தின் முதல் நாள் காலையில் திகைத்துப் போகிறார்கள். முந்தின நாள் காய்த்து நின்ற வயல் அப்படியே கருகிக் கிடக்கும். குளிர்காலத்துக்கென்றே இருக்கும் ஓரிரு விதைகளைத் தவிர, அடுத்த 28 நாளும் வெளியில் எதுவும் முளைக்காது.

அந்த 28 நாளையும் விளைச்சல் நாளாக மாற்றுவதுதான் பசுமைக்குடில். நம் பக்கம் நாற்றங்காலுக்குப் பச்சை வலை கட்டுவது வெயிலைத் தணிக்க. இந்த விளையாட்டில் குடில் வெயிலையோ குளிரையோ பார்ப்பதில்லை, காலண்டரையே எடுத்துவிடுகிறது. இதை மனதில் வாங்கிக்கொண்டால் எதை நட வேண்டும் என்ற கேள்வியே வேறு மாதிரி ஆகிவிடும்.

எரிக் பரோன் என்ற ஒருவர் தனியாகச் செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்ட விளையாட்டு இது. இப்போது ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது. கீழே வரும் எண்கள் எல்லாம் வழக்கமான அமைப்புக்கு உரியவை.

முதல் படி: குடிலைத் திறப்பது

பண்ணையில் உடைந்த கண்ணாடியோடு ஒரு கட்டடம் முதல் நாளிலிருந்தே நிற்கும். அதைச் சரிசெய்ய இரண்டு வழி.

காசு கொடுக்கும் வழி எளிது. ஜோஜா என்ற பெரிய கடையில் 5,000 கோல்ட் (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்) கட்டி உறுப்பினராகி, அப்புறம் 35,000 கோல்ட் கொடுத்தால் மறுநாள் குடில் தயார். ஆனால் ஊரின் பழைய பொதுக்கட்டடமான கம்யூனிட்டி சென்டரை அதோடு இழப்பீர்கள். ஊர்க்காரர்களின் கதையில் நல்ல பகுதி அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறது. முதல்முறை விளையாடுகிறவர் ஜோஜா பக்கம் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மற்ற வழி, கம்யூனிட்டி சென்டரில் பேன்ட்ரி என்ற அறை கேட்கும் பொருட்களைக் கொடுத்து அதன் ஆறு தொகுப்புகளையும் முடிப்பது. ரீமிக்ஸ் தொகுப்பைத் தேர்ந்திருந்தால் பொருட்கள் மாறும். வழக்கமான தொகுப்பில் வசந்தத்துக்கு பார்ஸ்னிப், பீன்ஸ், காலிஃப்ளவர், உருளைக்கிழங்கு. கோடைக்கு தக்காளி, மிளகாய், புளூபெர்ரி, முலாம்பழம். இலையுதிர் காலத்துக்கு மக்காச்சோளம், கத்தரிக்காய், பூசணி, யாம் கிழங்கு. ஒவ்வொன்றிலும் ஒன்று போதும். அறுத்தவுடன் விற்காமல் ஒன்றைப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

சிக்கல் மற்ற மூன்றில். தரமான பயிர்த் தொகுப்பு, தங்க நட்சத்திரம் உள்ள காய்களை ஐந்தைந்தாகக் கேட்கும். பார்ஸ்னிப், முலாம்பழம், பூசணி, மக்காச்சோளம் நான்கில் ஏதாவது மூன்று. முதல் வசந்தத்தில் பலர் பார்ஸ்னிப்பை எல்லாம் விற்றுவிடுவார்கள், அடுத்த வருடம் வரை அது திரும்ப வராது. அதைத் தவறவிட்டாலும் மற்ற மூன்றை வைத்து முடிக்கலாம். உரம் போட்ட மண்ணில் நட்டால் தங்கத் தரம் வரும் வாய்ப்பு கூடும்.

கால்நடைத் தொகுப்பு ஆறில் ஐந்தைக் கேட்கும். கம்பளியை விட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் செம்மறி ஆட்டுக்குத் தொழுவத்தைக் கடைசி நிலை வரை உயர்த்த வேண்டும். வெள்ளை, பழுப்பு இரண்டு நிறத்திலும் பெரிய கோழிமுட்டை, வாத்து முட்டை, பெரிய பசும்பால், பெரிய வெள்ளாட்டுப் பால் என்று ஐந்தையும் முடிக்கலாம். பெரிய முட்டையும் பெரிய பாலும் பிராணிகள் உங்களிடம் நன்றாகப் பழகிய பிறகே வரும். அதனால் கோழியையும் மாட்டையும் கோடைக்குள் வாங்கி, தினமும் தடவிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஆர்ட்டிசன் தொகுப்புக்குப் பன்னிரண்டில் ஆறு. தேன், பழ ஜாம், சீஸ் மூன்றும் சுலபம். மிச்சத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மொத்தம் 25,000 கோல்ட் சம்பாதித்த பிறகு ஊர்க்காரரான டெமிட்ரியஸ் வந்து, பண்ணையில் உள்ள குகையில் காளான் வேண்டுமா, பழ வௌவால் வேண்டுமா என்று கேட்பார். வௌவாலைத் தேர்ந்தெடுங்கள். ஆப்பிள், ஆரஞ்சு, பீச், மாதுளை, செர்ரி, ஏப்ரிகாட் எல்லாம் தானாகக் குகையில் வந்து கிடக்கும். அதில் மூன்று வகை சேர்ந்தால் தொகுப்பு முடிந்தது. மரக்கன்றுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை.

கவனமாக ஆடினால் முதல் வருட இலையுதிர் காலம் முடிவதற்குள் ஆறையும் முடித்து, குளிர்காலம் தொடங்கும்போது குடிலோடு நிற்கலாம்.

இரண்டாம் படி: திறக்கும் முன்பே விதை சேர்ப்பது

இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிற வழிகாட்டிகள் அதிகம். பியேர் தன் கடையில் அந்தந்தப் பருவத்து விதையைத்தான் விற்பார். குடில் குளிர்காலத்தில் திறந்தால், உள்ளே நட உங்களிடம் விதையே இருக்காது. அதனால் வசந்தம் 13-ஆம் தேதி முட்டைத் திருவிழாவில் ஸ்ட்ராபெர்ரி விதையையும் (ஒன்று 100 கோல்ட்), கோடையில் புளூபெர்ரி விதையையும் (80 கோல்ட்) வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். விதை கெட்டுப்போகாது. இரண்டும் சேர்த்து நூறு இருந்தால் முதல் குளிர்காலம் வீண்போகாது.

மூன்றாம் படி: தண்ணீர்

குடிலுக்குள் 12 வரிசை அகலம், 10 வரிசை நீளம், ஆக 120 கட்டம் மண். மழை உள்ளே பெய்யாது. வெளியே அடைமழை என்றாலும் உள்ளே நீங்கள்தான் ஊற்ற வேண்டும். 120 கட்டத்துக்கும் கையால் ஊற்றினால் காலை முழுவதும் அங்கேயே போய்விடும், உடம்புத் தெம்பும் தீர்ந்துவிடும். தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் இல்லாமல் முழுப் பாத்தியையும் நிரப்ப வேண்டாம்.

மண்ணைச் சுற்றியுள்ள மரச்சட்டத்தின் மீதும் ஸ்பிரிங்ளர் வைக்கலாம். இதைப் பயன்படுத்தினால் கட்டங்கள் மிச்சமாகும்.

குவாலிட்டி ஸ்பிரிங்ளர் தன்னைச் சுற்றி எட்டுக் கட்டத்தை நனைக்கும். அது 16 வேண்டும். இடமிருந்து 2, 5, 8, 11-ஆம் வரிசைகளில், மேல் சட்டத்தில் நான்கும், மண்ணுக்குள் 3, 6, 9-ஆம் கிடைவரிசைகளில் மற்ற பன்னிரண்டும் வையுங்கள். 108 செடி நடலாம்.

இரிடியம் ஸ்பிரிங்ளர் கிடைத்தால் ஆறே போதும். ஒவ்வொன்றும் ஐந்துக்கு ஐந்து சதுரத்தை நனைக்கும். மேலிருந்து 3-ஆம், 8-ஆம் கிடைவரிசைகளில் இடது சட்டத்தில் ஒன்று, 5-ஆம் கட்டத்தில் ஒன்று, 10-ஆம் கட்டத்தில் ஒன்று. நான்கு மட்டுமே மண்ணைப் பிடிக்கும், 116 செடிக்கு இடம் மிஞ்சும். நனைக்கும் பரப்பைக் கூட்டும் பிரஷர் நாசிலை அவற்றில் பொருத்தினால் நான்கு ஸ்பிரிங்ளரே முழுக் குடிலையும் நனைத்துவிடும்.

இரிடியம் ஸ்பிரிங்ளர் செய்ய விவசாயத் திறன் 9 வேண்டும். ஒன்றுக்குத் தங்கக்கட்டி ஒன்று, இரிடியம் கட்டி ஒன்று, பேட்டரி ஒன்று. பேட்டரிதான் தாமதப்படுத்தும். கோடை இடிமழைக்கு முன்பே பண்ணையில் இடிதாங்கிகளை நட்டு வையுங்கள், இடி விழும்போது பேட்டரி கிடைக்கும். கையில் காசு இருந்தால் சாக்கடைக்குள் கடை வைத்திருக்கும் குரோபஸிடம் வெள்ளிக்கிழமைதோறும் ஒன்று 10,000 கோல்டுக்குக் கிடைக்கும்.

நான்காம் படி: எதை நடுவது

வெளிவயலில் நாம் போடும் கணக்கு, 28 நாளுக்குள் எத்தனை அறுவடை எடுக்கலாம் என்பது. குடிலுக்குள் அந்தக் கணக்கு உதவாது. அங்கே செடி சாகாது. முதல் காய்ப்புக்குக் காத்திருக்கும் நாட்கள் ஒரே ஒரு முறை மட்டும்தான். அதன் பிறகு எத்தனை நாளுக்கு ஒரு முறை காய்க்கிறது என்பது மட்டுமே மிச்சம். களக்காட்டு வாழைக்காரர்கள் மறுதாம்பு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் தார் வெட்டிய பிறகு அதே கட்டையிலிருந்து அடுத்த தார். புதிதாகக் கன்று வாங்கும் செலவில்லை. குடிலுக்குள் நமக்கு வேண்டியது அந்த மாதிரிப் பயிர்தான்.

வீரவநல்லூரில் இருக்கும் என் அத்தை மகன் போனில் கேட்டான்: "அத்தான், ஸ்டார்ஃப்ரூட் 750-க்குப் போவுது. ஏன்ஷியன்ட் ஃப்ரூட் 550 தான? பொறவு ஏன் எல்லாரும் இதப் போடச் சொல்லுதாவ?"

நியாயமான கேள்வி, ஒரு கட்டத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பார்த்தால் பதில் தெரியும். ஸ்டார்ஃப்ரூட் 13 நாளில் விளையும், அறுத்தால் செடி போய்விடும். பாலைவனக் கடையில் விதை 400 கோல்ட். 750-லிருந்து அதைக் கழித்தால் 350. அதை 13 நாளால் வகுத்தால் நாளுக்கு 27 கோல்டுதான். ஏன்ஷியன்ட் ஃப்ரூட் முதலில் 28 நாள் எடுக்கும், ஆனால் அதன் பிறகு ஏழு நாளுக்கு ஒரு முறை 550. நாளுக்கு ஏறத்தாழ 79. பழத்தை அப்படியே விற்றால் மூன்று மடங்கு வித்தியாசம்.

ஒயின் ஆக்கினால் அந்த மடங்கு குறையும். கெக் என்ற பீப்பாயில் போட்டு ஒயின் ஆக்கினால் பழத்தின் விலை மூன்று மடங்காகும். ஏன்ஷியன்ட் ஒயின் 1,650, நாளுக்கு 236. ஸ்டார்ஃப்ரூட் ஒயின் 2,250, விதைச் செலவு போக நாளுக்கு 142. மண்ணின் பக்கமிருந்து பார்த்தால் இப்போதும் ஏன்ஷியன்ட்தான் மேல்.

ஆனால் கெக்கின் பக்கமிருந்து பார்த்தால் கதை மாறும். ஏன்ஷியன்ட் 116 நட்டால் வாரம் 116 பழம், அதற்கு 116 கெக். ஸ்டார்ஃப்ரூட் 116 நட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் அறுவடை, 58 கெக்கே அதைச் சமாளிக்கும், ஒவ்வொரு கெக்கும் 2,250 தரும். உங்களிடம் கெக் குறைவு, காசு இருக்கிறது என்றால் ஸ்டார்ஃப்ரூட் தவறே இல்லை. அத்தை மகனிடம் அப்போது இருந்தது இருபதுக்கும் குறைவான கெக். "ஒனக்கு இப்பம் அதுதான் சரி" என்றேன்.

இந்த இரண்டும் கைக்கு வரும் வரை என்ன செய்வது? புளூபெர்ரி முதலில் 13 நாள், பிறகு நான்கு நாளுக்கு ஒரு முறை மூன்று பழம், பழம் 50 கோல்ட், நாளுக்கு 37. ஸ்ட்ராபெர்ரி எட்டு நாள், பிறகு நான்கு நாளுக்கு ஒன்று, 120 கோல்ட், நாளுக்கு 30. கிரான்பெர்ரி ஏழு நாள், பிறகு ஐந்து நாளுக்கு இரண்டு, பழம் 75, அதுவும் 30. தக்காளியும் மக்காச்சோளமும் மிளகாயும் பதினைந்துக்கு மேல் தாண்டாது, அவற்றுக்குக் குடில் இடம் கொடுக்க வேண்டாம். ஹாப்ஸ் வேறு கணக்கு. தினமும் காய்க்கும், கெக்கில் போட்டால் 300 கோல்டுக்கு பேல் ஏல் என்ற பீர் ஆகும். ஆனால் தினமும் பறித்து, தினமும் கெக் நிரப்பும் பொறுமை வேண்டும். கொடிப்பயிர் என்பதால் நடுவே நடக்கவும் முடியாது. வரிசைக்கு வரிசை வழி விட்டே நட வேண்டும்.

ஸ்வீட் ஜெம் பெர்ரியையும் சிலர் கேட்பார்கள். 24 நாள், 3,000 கோல்டு, விதை, வண்டியில் கடை போட வந்துபோகும் வண்டிக்காரியிடம் 1,000. நாளுக்கு 83 வரும். ஆனால் கெக்கில் போட முடியாது, ஒரு முறைதான் காய்க்கும். கெக் ஒன்றுமே இல்லாதவருக்கு மட்டும் இது நல்லது.

பெரிய பூசணிக்காக யாரும் குடிலில் பூசணி நட வேண்டாம். ராட்சதக் காய்கள் உள்ளே உருவாகாது.

ஐந்தாம் படி: ஒரு ஏன்ஷியன்ட் விதையை நூறாக்குவது

விதை கடையில் எளிதாகக் கிடைக்காது. மண்ணில் குச்சிகள் நெளியும் இடங்களைத் தோண்டும்போது அபூர்வமாக ஒரு பழைய விதை கிடைக்கும். அதை அப்படியே நட முடியாது. அருங்காட்சியகத்தில் கொடுத்தால் நடக்கூடிய ஒரு விதையும், செய்முறையும் தருவார்கள். வண்டிக்காரியிடம் எப்போதாவது வரும். காயை விதையாக்கும் கருவியான சீட் மேக்கரில் எந்தப் பயிரைப் போட்டாலும் மிகச் சிறிய வாய்ப்பில் இது விழுவதும் உண்டு.

ஒன்று கிடைத்தால் குடிலின் ஒரு மூலையில் நட்டுவிடுங்கள். முதல் பழத்தை விற்காதீர்கள், ஒயினும் ஆக்காதீர்கள். சீட் மேக்கரில் போட்டால் பொதுவாக ஒன்று முதல் மூன்று விதை வரும். வந்ததை எல்லாம் நட்டு, அவற்றின் பழத்தையும் சீட் மேக்கரிலேயே போடுங்கள். புதிதாக நட்ட ஒவ்வொன்றும் 28 நாள் கேட்பதால் முதல் மாதம் மெதுவாகத்தான் போகும். அதன் பிறகு வாரத்துக்கு வாரம் பெருகும்.

அதுவரை மற்ற கட்டங்களில் புளூபெர்ரியும் ஸ்ட்ராபெர்ரியும் நிற்கட்டும். ஏன்ஷியன்ட் விதை வர வர, வரிசை வரிசையாக அவற்றைப் பிடுங்கி இதை நடுங்கள். வெளியில் நட ஆசைப்பட்டால் வசந்தம் முதல் நாளில் நட வேண்டும். அப்படி நட்டாலும் கோடையிலும் இலையுதிர் காலத்திலுமாக எட்டு அறுவடைதான், குளிர்காலத்தில் செடி செத்துவிடும். விதை பெருக்கும் வேலைக்கு அது உதவும்.

எல்லாச் செடியும் ஒரே கிழமையில் பழுக்கும்படி நடுவது பெரிய வசதி. விளையாட்டில் ஒவ்வொரு பருவமும் சரியாக நான்கு வாரம், எப்போதும் திங்களில் தொடங்கும். ஞாயிறன்று நட்டது ஞாயிறன்றே பழுக்கும், அடுத்தடுத்த ஏழாம் நாளும் ஞாயிறே. கெக்கில் ஒயின் ஆகவும் ஏழு நாள். வாரத்தில் ஒரே ஒரு நாள் பறித்து, பழைய ஒயினை எடுத்து, புதுப் பழத்தை நிரப்பினால் மற்ற ஆறு நாளும் குடில் பக்கமே போக வேண்டாம்.

ஆறாம் படி: உரம்

ஸ்பீடு குரோ என்ற வளர்ச்சி உரம் முதல் காய்ப்பு வரையுள்ள நாட்களைத்தான் குறைக்கும். மறு காய்ப்பின் இடைவெளியைத் தொடாது. அதனால் ஏன்ஷியன்டுக்கு அது ஒரு முறை மட்டுமே பயன், ஸ்டார்ஃப்ரூட்டுக்கு ஒவ்வொரு முறையும். பழத்தின் நட்சத்திரத் தரம் ஒயினின் விலையை மாற்றாது. பழம் கெக்குக்குத்தான் போகிறது என்றால் தர உரத்துக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. சோளக்கொல்லைப் பொம்மையும் வேண்டாம், காக்கை உள்ளே வராது. தேன்பெட்டி உள்ளே வைத்தால் தேன் வராது.

ஏழாம் படி: கெக்கும் ஜாடியும்

ஒரு கெக்குக்கு மரம் 30, செம்புக்கட்டி ஒன்று, இரும்புக்கட்டி ஒன்று, ஓக் பிசின் ஒன்று. நூறு கெக் என்றால் 3,000 மரம், நூறு பிசின். மரத்தையும் உலோகத்தையும் ஒரு வாரத்தில் சேர்த்துவிடலாம். பிசின் ஓக் மரத்தில் டேப்பர் என்ற வடிகருவியை மாட்டி நாள் கணக்கில் காத்திருந்தால்தான் வரும். குடில் திறக்கும் முன்பே பத்துப் பன்னிரண்டு ஓக் மரத்தில் மாட்டிவிடுங்கள்.

எல்லாப் பழத்துக்கும் கெக் சிறந்தது என்று நினைக்க வேண்டாம். ஜாம் செய்யும் ஜாடியில் பழத்தின் விலை இரண்டு மடங்காகி அதோடு 50 கூடும். புளூபெர்ரி ஜாமும் 150, ஒயினும் 150. ஜாம் மூன்று நாளில் ஆகிவிடும், ஒயினுக்கு ஏழு நாள். எனவே 50 கோல்டும் அதற்குக் கீழும் உள்ள பழங்களை ஜாடிக்கு அனுப்பி, கெக்கை விலை கூடியவற்றுக்கு வையுங்கள்.

விவசாயத் திறன் 10-ல் ஆர்ட்டிசன் தொழிலைத் தேர்ந்தால் ஒயின், ஜாம் விலை 40 சதவீதம் கூடும். அதற்கு 5-ஆம் நிலையில் டில்லர் என்ற தொழிலை எடுத்திருக்க வேண்டும். அப்போது ஏன்ஷியன்ட் ஒயின் ஒன்று 2,310.

பழ மரங்கள்

மண் பாத்திக்கு வெளியே உள்ள தரையிலும் மரக்கன்று நடலாம் என்பது பலருக்குத் தெரியாது. 28 நாள் வளரும், அதுவரை சுற்றியுள்ள எட்டுக் கட்டமும் காலியாக இருக்க வேண்டும். எனவே சட்டத்தில் ஸ்பிரிங்ளர் வைக்கும் இடத்தை விட்டு நடுங்கள். வளர்ந்த பிறகு, பருவம் எதுவானாலும் தினமும் ஒரு பழம். பறிக்காவிட்டால் மூன்று வரை மரத்திலேயே இருக்கும். பீச், மாதுளைக் கன்றுகள் 6,000 கோல்ட், பழம் 140. வளர்ந்த பிறகு 43 நாளில் போட்ட காசு திரும்பும்.

ஜிஞ்சர் தீவுக்குப் போனவர்கள் மாங்கன்றையும் வாழைக்கன்றையும் அங்கிருந்து வாங்கலாம். காசு வாங்க மாட்டார்கள், பண்டமாற்றுதான்: மாங்கன்றுக்கு 75 சிப்பி, வாழைக்கு டிராகன் பல் ஐந்து. மாம்பழம் 130, வாழைப்பழம் 150. லாபத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இருந்தாலும் மார்கழி மாதிரியான பனியில் குடில் கதவைத் திறந்ததும் மாவும் வாழையும் காய்த்து நிற்பதைப் பார்க்கவே இவற்றை நடலாம்.

அந்தத் தீவின் பண்ணையும் பருவமே இல்லாத நிலம்தான். 120 கட்டத்தைவிட அங்கே இடம் அதிகம், குடிலைப் போல் மூடிய இடம் அல்ல. அங்கே ஸ்பிரிங்ளரும் போட்டுவிட்டால் ஏன்ஷியன்டைக் குடிலிலேயே விட்டுவிட்டு, ஸ்டார்ஃப்ரூட்டை முழுவதும் தீவுக்கு மாற்றிவிடுங்கள்.